நியூரான் கோட்ட விட்டு வெளிய போனது ஏன்: குமரி மாவட்டத்து லேப் ஒண்ணுல நடந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவுல உள்ள ஒரு காலேஜோட பயோடெக் லேப்ல நடந்தது இது. காலேஜ் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல, போட்டு ஆகப்போறதும் ஒண்ணும் இல்ல. இதுல வர்றவங்க மூணு பேரு. பிஎச்டி பண்ற ஒரு மாணவி, அவங்க கைடு, அப்புறம் லேப் அட்டெண்டர் அண்ணன் ஒருத்தர். நான் நாகர்கோவில்ல வேற இடத்துல மைக்ராஸ்கோப் பாக்குற ஆளு, படம் எடுக்கவும் அனலைஸ் பண்ணவும் கூப்பிட்டாங்கன்னு போயி கடைசி வரைக்கும் கூட இருந்தேன்.

பண்ண நினைச்சது சொல்ல ஈசி. கோழிக்கருவோட முன்மூளையில இருந்து நியூரான (நரம்பு செல்ல) எடுத்து கவர்ஸ்லிப்புங்கிற மெல்லிசான கண்ணாடித் துண்டு மேல வளக்கணும், ஆனா இஷ்டத்துக்கு வளர விடாம சதுரக் கட்டம் போட்ட மாதிரி ஒரு பேட்டர்ன்ல வளக்கணும். கட்டத்தோட மூலையில செல் உக்காரணும், கோடு வழியா அதோட நீட்டம், அதாவது செல்லுல இருந்து கிளம்புற மெல்லிய இழை, ஓடணும். சும்மா டிஷ்ல வளத்தா என்ன ஆகும்னா, எல்லா செல்லும் எல்லாத்தோடயும் பின்னிக்கிடும், ஒரு டிஷ்ஷும் இன்னொரு டிஷ்ஷும் ஒரே மாதிரி இருக்காது, அப்ப ஒரு மருந்து போட்டு நெட்வொர்க் மாறுச்சுன்னு சொன்னா அது மருந்தால மாறுனதா இல்ல வளர்ந்த விதமே அப்படியான்னு யாருக்கும் தெரியாது. கட்டத்துல வளத்தா எது எதோட சேருதுன்னு ஓரளவு நம்ம கையில இருக்கும்.

இது புது ஆசை ஒண்ணும் இல்ல. 1907-ல ராஸ் ஹாரிசன்ங்கிற அமெரிக்க உயிரியலாளர் தவளைக் கருவோட நரம்புத் திசுவ நிணநீர்த் துளியில தொங்கவிட்டு நரம்பு நீட்டம் வெளிய வளர்றதக் காட்டுனாரு, அதே மனுசன் 1914-ல சிலந்தி வலை நூல் மேல செல்ல வளத்து, அது நூலப் பிடிச்சுக்கிட்டே போறதையும் காட்டுனாரு. பரப்பு மேல நுணுக்கமா பேட்டர்ன் போடுறதுக்கு இன்னைக்கு நாம லித்தோகிராபின்னு பெரிய பேரு வச்சு பண்றதுக்கு ஆரம்பம் சிலந்தி வலைன்னு நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். 1988-ல க்ளைன்ஃபெல்டும் கூட உள்ளவங்களும் கண்ணாடி மேல ரெண்டு வகை சிலேன (கண்ணாடியில பிடிச்சுக்கிடுற சிலிக்கான் சேர்மம்) ஃபோட்டோலித்தோகிராபியால, அதாவது ஒளி காட்டி, பேட்டர்ன் பண்ணி, அமீன் உள்ள இடத்துல செல் ஒட்டும், கொழுப்புச் சங்கிலி மாதிரி உள்ள இடத்துல ஒட்டாதுன்னு காட்டுனாங்க. அதுக்கப்புறம் வேதியியலாளர் வைட்சைட்ஸோட குழு கொண்டு வந்த ரப்பர் ஸ்டாம்ப் முறை பரவி, இப்ப பெரிய வசதி இல்லாத லேப்ல கூட ட்ரை பண்ணலாம்ங்கிற நிலைக்கு வந்துட்டு.

ஸ்டாம்ப் எப்படின்னா, கிளீன்ரூம்ல சிலிக்கான் மேல எஸ்யு-8 பாலிமர வச்சு ஒரு அச்சு செய்வாங்க, அதத்தான் மாஸ்டர்னு சொல்றது. அது மேல பிடிஎம்எஸ் சிலிக்கோன் ரப்பர ஊத்தி (சில்கார்ட் 184, பத்துக்கு ஒண்ணு கியூரிங் ஏஜென்ட்) காத்துக் குமிழிய எடுத்து ஓவன்ல வச்சு இறுக விட்டு உரிச்சா ஸ்டாம்ப் ரெடி. அதுல பாலி-டி-லைசின், சுருக்கமா பிடிஎல், அதத் தடவி உணத்தி கண்ணாடி மேல வச்சு எடுத்தா மேடா உள்ள இடம் மட்டும் பதியும். பிடிஎல்லுக்கு பாசிட்டிவ் சார்ஜ், செல் மேல்தோல் நெகட்டிவ், அதனால ஒட்டிக்கிடும். டி வடிவத்த எடுக்குறது எதுக்குன்னா செல்லு விடுற என்சைம் அதச் சீக்கிரம் தின்னாது.

டிசைன்

மாணவி ஏற்கனவே வெளியூர்ல ஒரு பெரிய லேப்ல கொஞ்ச நாள் ட்ரெய்னிங் எடுத்து இத கத்துக்கிட்டு வந்தவங்க. மாஸ்டரும் அங்கேயே செஞ்சு கொண்டு வந்தாச்சு. கோட்டோட அகலம் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), மூலையில உள்ள வட்டம் 40 மைக்ரான், ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு 150 மைக்ரான், மேட்டோட உயரம் 10 மைக்ரான்.

இந்த அளவெல்லாம் சும்மா எடுத்ததில்ல. நியூரானோட உடம்பு சுமார் 10-ல இருந்து 15 மைக்ரான் இருக்கும், அதனால அது உக்கார அகலமான இடம் வேணும், நீட்டம் ஓட ஒடுக்கமான கோடு போதும். இடைவெளி நல்லா பெருசா இருக்கணும், ஏன்னா நீட்டத்தோட நுனியில உள்ள வளர்முனை விரல் மாதிரி ஃபிலோபோடியாவ நீட்டித் தடவிப் பாத்துக்கிட்டே போகும், அது பத்து இருபது மைக்ரான் தாண்டித் தொட்டுடும், பக்கத்துல வேற கோடு இருந்தா தாவிடும். 1998-ல ஸ்டெங்கர் குழு கோட்ட விட்டு விட்டுப் போட்டா டென்ட்ரைட்டு (சிக்னல் வாங்குற நீட்டம்), தொடர்ச்சியா போட்டா ஆக்சான் (சிக்னல் அனுப்புற நீட்டம்)னு திசையக்கூட அமைக்கலாம்னு காட்டுனாங்க. அத ரெண்டாவது படியா வச்சிருந்தாங்க, அது வரைக்கும் போகவே முடியல.

உயரத்த யாரும் யோசிக்கல. அது பின்னால வருது.

முதல்ல பாத்தது

ஜூன் கடைசி, நல்ல மழை. எட்டு நாள் கரு உள்ள முட்டை, மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு ஹேச்சரியில வாங்குன அடை முட்டைய லேப்லயே இன்குபேட்டர்ல வச்சு வளத்தது. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எல்லாம் முன்னாடியே வாங்கியாச்சு. எட்டாம் நாள எடுக்குறதுக்கு காரணம் அந்த சமயத்துல முன்மூளையில பெரும்பாலும் நியூரான்தான், நியூரானுக்குத் துணையா இருக்குற கிளையா செல் கம்மி.

ஸ்டாம்ப் பண்ணின அன்னைக்கு ஒளிரும் பிடிஎல் வச்சு ஃப்ளோரசென்ஸ் மைக்ராஸ்கோப்புல பாத்தா கட்டம் பளிச்சுன்னு இருந்திச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், வாட்ஸப்ல ஸ்டேட்டஸ் கூட வந்துட்டு. அது மேல செல் போட்டாங்க. மறுநாள் பாத்தா செல்லு கோட்டுல கொஞ்சம், சதுரத்துக்கு உள்ள கொஞ்சம், அங்கங்க கூட்டமா கட்டியா கெடக்கு. மூணாம் நாளு பேட்டர்னே தெரியல. இன்னும் சில கவர்ஸ்லிப்புல செல்லு உருண்டையா சுருங்கி செத்துக் கெடந்திச்சு. அடுத்தடுத்த பேட்சும் ஏறக்குறைய இதே கததான்.

செத்ததுக்கு காரணம் சீக்கிரமே தெரிஞ்சுட்டு. பதிஞ்சது போயிடுமோன்னு பயந்து மாணவி கவர்ஸ்லிப்ப சரியா கழுவல. ஒட்டாம மிச்சம் கெடக்குற பாலிலைசின் செல்லுக்கு விஷம். நல்ல தண்ணியில, அதாவது ஸ்டெரைல் தண்ணியில, மாத்தி மாத்தி ஊற வச்சு எடுத்ததும் சாவு நின்னுது, பேட்டர்னும் போகல. ஒட்டுனது ஒட்டுனதுதான்.

ஆனா செல்லு கோட்டுல நிக்காத பிரச்சனை அப்படியே இருந்திச்சு.

முட்டை மேல சந்தேகம்

கைடுக்கு சந்தேகம் முட்டை மேல. மார்த்தாண்டத்துல இருந்து பஸ்ல குலுங்கிக் குலுங்கி வருது, நடுவுல கரண்டு வேற போகுது, கரு வீக்கா இருக்கும், வீக்கான செல்லு பேட்டர்ன மதிக்காதுன்னு சொன்னாரு. நியாயமான சந்தேகம்தான், மழைக்காலத்துல அந்தப் பக்கம் கரண்டு எப்படின்னு தெரிஞ்ச யாரும் மறுக்க மாட்டாங்க. ஹேச்சரிய மாத்தணும், இன்குபேட்டருக்கு தனி யுபிஎஸ் வாங்கணும்னு லெட்டர் அடிக்கிற வரைக்கும் போயிட்டு.

இங்க மாணவி எடுத்த முடிவு நல்ல முடிவுன்னு நான் நினைக்கிறேன். யுபிஎஸ்ஸுக்கு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, ஒரே முட்டை பேட்ச்ல இருந்து எடுத்த செல்ல நாலு விதமான கண்ணாடியில போட்டுப் பாக்கலாம் சார்னு சொன்னாங்க. முழுசா பிடிஎல் பூசுனது ஒண்ணு, ஒண்ணுமே பூசாத வெறும் கண்ணாடி ஒண்ணு, வெறும் கண்ணாடி ஆனா சீரம் (ரத்தத்துல இருந்து எடுக்குற, புரோட்டீன் நிறைஞ்ச திரவம்) உள்ள மீடியால, அதாவது செல் வளக்குற சத்துக் கரைசல்ல, ஊறுனது ஒண்ணு, ஸ்டாம்ப் பண்ணது ஒண்ணு. கைடு மொதல்ல, "மக்களே, இருக்குற முட்டைய வீணாக்காத"ன்னு சொல்லிட்டு அப்புறம் ஒத்துக்கிட்டாரு.

முழுசா பூசுனதுல செல் அருமையா வளர்ந்திச்சு, நீளமா நீட்டம் விட்டு, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்புல ஓரம் மின்னிக்கிட்டு. அப்ப முட்டைக்கு ஒரு குத்தமும் இல்ல. வெறும் கண்ணாடியில ஒட்டுனது கம்மி. சீரத்துல ஊறுன கண்ணாடியில ஒட்டுனது நெனச்சதுக்கு மேல. இந்த கடைசி விஷயத்த நோட்டுல எழுதி வச்சாங்க, ஆனா அப்ப யாரும் அது மேல பெருசா யோசிக்கல, எல்லாருக்கும் கண்ணு ஸ்டாம்ப் மேலதான்.

படம் மறைச்சது

என்னைக் கூப்பிட்டது இந்த சமயத்துலதான். ஸ்டாம்ப் பண்ணின நாள் படத்தக் காட்டுனாங்க, கருப்புப் பின்னணியில பச்சைக் கட்டம், பாக்க அழகா இருக்கு. ரா ஃபைல் தாங்கன்னு கேட்டு இமேஜ்ஜேங்கிற பட அனலிசிஸ் சாஃப்ட்வேர்ல தொறந்து ஒரு சதுரத்துக்கு குறுக்க கோடு இழுத்து பிரகாசத்த கிராஃபா போட்டுப் பாத்தா, சதுரத்துக்கு உள்ள பூஜ்ஜியமே இல்ல. கேமரா ஆட்டோ எக்ஸ்போசர்ல இருந்திச்சு, சாஃப்ட்வேர் ஆட்டோ கான்ட்ராஸ்ட்ல இருந்திச்சு, கோடு பளிச்சுன்னு இருந்ததால அது கம்மியா உள்ள எல்லாத்தையும் கருப்பா அமுக்கிட்டு. கண்ணுக்கு சுத்தமா தெரிஞ்ச இடத்துல மெல்லிசா பிடிஎல் பரவிக் கெடந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவே நியூரானுக்குப் போதும், அது ஒட்டிக்கிடும்.

அதனால முதல் முடிவு, எக்ஸ்போசர ஒரே அளவுல ஃபிக்ஸ் பண்றது, ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் பூசாத கண்ணாடியும் கூடவே படம் எடுக்குறது. காசு ஒண்ணும் செலவில்ல. இந்த கேஸ்ல இதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சது எல்லாமே இந்த ஒரு மாத்தத்தால கண்டுபிடிச்சதுதான், அதனால இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். பேட்டர்ன் பேப்பர்ல வர்ற படங்கள்ல எத்தனை இப்படி அமுக்கிவிட்ட கருப்போ, எனக்கு இப்ப எதப் பாத்தாலும் சந்தேகமாத்தான் இருக்கு.

ஷீட்டு உணங்கல

சரி, சதுரத்துக்குள்ள பிடிஎல் எப்படி வந்துது? ஃபிக்ஸ் பண்ண எக்ஸ்போசர்ல திரும்பப் பாத்தப்போ ரெண்டு விதமான கறை தெரிஞ்சுது. ஒண்ணு சதுரத்தோட நடுவுல தெளிவான ஓரத்தோட ஒரு திட்டு. இன்னொண்ணு கோட்டோட ஓரத்துல இருந்து உள்ளுக்கு ஒழுங்கில்லாம வழிஞ்ச மாதிரி.

நடுவுல உள்ள திட்டுக்கு காரணம் கைடே சொல்லிட்டாரு. ஸ்டாம்ப் மேல அட்டெண்டர் அண்ணன் தராசுப் பித்தளை எடைக்கல்லு ஒண்ண வைப்பாரு, நல்லா பதியட்டும்னு. பிடிஎம்எஸ் மெத்துன்னு இருக்குற பொருளு, மேடுங்களுக்கு நடுவுல பெரிய இடைவெளி விட்டு மேல கனம் வச்சா பள்ளத்தோட அடி, அதாவது ஸ்டாம்ப கவுத்து வச்சா கூரை, தொங்கி கீழ உள்ள கண்ணாடியத் தொட்டுடும். மேட்டோட உயரத்த இடைவெளியால வகுத்தா 0.2-க்கு கீழ வரக்கூடாதுங்கிறது இந்தத் தொழில்ல உள்ள தோராயக் கணக்கு. இவங்க டிசைன்ல உயரம் 10, இடைவெளி 140, வகுத்தா 0.07. ஃபிலோபோடியாவ நெனச்சு இடைவெளியப் பெருசாக்குனவங்க உயரத்த அதோட சேத்துக் கூட்டல. அதுக்காக உயரத்த மட்டும் ஏத்திக்கிட்டே போகவும் முடியாது, மேடு அகலத்தப் போல ரெண்டு மடங்குக்கு மேல உயரமானா சாஞ்சு பக்கத்துல படுத்துக்கிடும்.

ஓரத்துல வழிஞ்ச கறைதான் யாருக்கும் பிடிபடல. ட்ரெய்னிங் எடுத்த இடத்துல இதே மாஸ்டர், இதே பிடிஎல், அங்க இந்தக் கறை வந்ததே இல்லன்னு மாணவி திரும்பத் திரும்ப சொன்னாங்க. அட்டெண்டர் அண்ணன் வீட்டுல கொஞ்சம் ரப்பர் உண்டு, காலையில பால் வெட்டிட்டு அப்புறம்தான் லேப்புக்கு வருவாரு. அவரு ஸ்டாம்ப கையில வாங்கி சரிச்சுப் பாத்துட்டு சொன்னாரு: "மக்கா, இந்த மழையில ரப்பர் ஷீட்டே உணங்காதுல்லா. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், வெட்டிப் பாத்தா உள்ள வெள்ள கெடக்கும். இதும் அதே ரப்பர்தானே."

ரப்பர் வேற, சிலிக்கோன் வேற, அது இருக்கட்டும். ஆனா அவரு சொன்ன விஷயம் சரி. இந்த மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும், அதுலயும் மேற்குப் பக்கம் ஜூன்ல ஆரம்பிச்சா காத்துல ஈரம் இறங்கவே இறங்காது. ட்ரெய்னிங் லேப்ல ஸ்டாம்ப சிலிண்டர் நைட்ரஜன் ஊதி உணத்துவாங்க, அறையும் ஈரப்பதம் கட்டுப்பாடு உள்ள அறை. இங்க சிலிண்டர் இல்லன்னு லாமினார் ஹூட்ல (வடிகட்டுன காத்து வீசுற வேலைப் பெட்டி) காத்து பட வச்சு உணத்திருக்காங்க. ஹூட் காத்துல தூசிய எடுக்கும், ஈரத்த எடுக்காது. கூடவே இன்னொரு விஷயமும் சேர்ந்துக்கிட்டு. பிடிஎல் ஸ்டாம்ப்ல இருந்து நல்லா விட்டு வரணும்னு முதல்ல 10 சதவீத எஸ்டிஎஸ் சோப்புக் கரைசல்ல ஊற வைக்கிறது ஒரு முறை, 2003-ல வீலர் குழு போட்டது, நல்ல முறைதான். ஆனா சோப்பு பட்ட பிடிஎம்எஸ் தண்ணிய விரட்டாது, பள்ளத்துல தண்ணி படலமா நின்னுக்கிடும். 10 மைக்ரான் ஆழப் பள்ளத்துல நிக்கிற தண்ணி கண்ணுக்கு எப்படித் தெரியும். கண்ணாடியில வச்சதும் அந்தத் தண்ணி பிடிஎல்லோட சேர்ந்து இறங்கியிருக்கு.

நைட்ரஜன் சிலிண்டர் வாங்கலாம்னா பர்ச்சேஸ் கமிட்டி கூடி முடிவெடுக்குறதுக்குள்ள அடுத்த மழையே வந்துடும். அதனால மீன் தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்ப் ஒண்ணு, சிலிக்கா ஜெல் அடைச்ச கண்ணாடிக் குழாய் ஒண்ணு, நுனியில 0.22 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டர் ஒண்ணு, மூணையும் டியூப்ல சேத்துக்கிட்டாங்க. ஈரம் குடிச்சு நீல ஜெல் ரோஸ் ஆனா எடுத்து ஓவன்ல வறுத்துத் திரும்பப் போட்டா போதும். அட்டெண்டர் அண்ணன்தான் அத முடுக்கி வச்சாரு.

அப்புறம் ஒரே நாள்ல, ஒரே பிடிஎல்ல வச்சு, நாலு சேர்க்கை போட்டுப் பாத்தாங்க. எடைக்கல்லு உண்டு-இல்ல, ஹூட் உணத்தல்-பம்ப் உணத்தல். எடைக்கல்லு வச்சு பம்ப்ல உணத்துனதுல நடுத்திட்டு மட்டும் இருந்திச்சு. எடைக்கல்லு இல்லாம ஹூட்ல உணத்துனதுல ஓரவழிசல் மட்டும். ரெண்டும் உள்ளதுல ரெண்டும். எடைக்கல்லும் இல்லாம பம்ப்ல உணத்துனது மட்டும் ஓரளவு சுத்தம், அதுலயும் அங்கங்க கூரை தொட்ட சதுரம் கொஞ்சம் இருந்திச்சு, அது டிசைனோட குணம், போகாது. ஸ்டாம்போட முதுகுல ஒரு கண்ணாடி ஸ்லைட ஒட்டி வச்சப்புறம் அதுவும் குறைஞ்சிட்டு. இந்த ரெண்டு கறையையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா யாருக்கும் பாதி வேலை மிச்சம், ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

ரொம்ப உணத்துனாலும் பதியாது, இதையும் பாத்தாங்க. பம்ப ஓட விட்டுட்டு சாப்பிடப் போயிட்டு வந்த அன்னைக்கு கோடு பாதி பாதியா விட்டுப் போயிருந்துது.

வெறும் கண்ணாடிப் பிரச்சனை

சுத்தமான ஸ்டாம்ப்ல செல் போட்டாங்க. முதல் நாள் அருமை. செல்லு வட்டத்துல, நீட்டம் கோட்டுல, கைடு ப்ரிண்ட் எடுத்து போர்டுல ஒட்டிட்டாரு. நாலாம் நாள் வாக்குல மறுபடியும் சதுரத்துக்குள்ள செல்லு எறங்கிட்டு.

அப்பதான் அந்தப் பழைய நோட்டு ஞாபகம் வந்துது, சீரத்துல ஊறுன வெறும் கண்ணாடி. இவங்க மீடியால சீரம் 10 சதவீதம். சீரத்துல உள்ள ஃபைப்ரோனெக்டின் மாதிரி புரோட்டீன் எல்லாம் வெறும் கண்ணாடி மேல தானா படியும், ரெண்டு மூணு நாள்ல அந்த இடமும் ஒட்டுற இடமா மாறிடும். ஸ்டாம்ப எவ்வளவு சுத்தமா பண்ணினாலும் பதியாத இடத்துக்கு ஒண்ணுமே செய்யலன்னா அது பேட்டர்ன் ஆகாது, கொஞ்ச நேரத்துக்குத் தெரியுற கோடு அவ்வளவுதான். 1988-லயே ஒட்டுற இடத்துக்கு ஒரு வேதிப்பொருள், ஒட்டாத இடத்துக்கு ஒரு வேதிப்பொருள்னு ரெண்டையும் போட்டுத்தான் பண்ணாங்க, இங்க பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு பண்ணியிருக்காங்க.

என்ன போடலாம்னு ரெண்டு யோசனை. ஒண்ணு பிஇஜிங்கிற பாலிமர் சங்கிலி தொங்குற பாலிலைசின், புரோட்டீன் ஒட்டவே விடாது, பெரிய லேப் பலதுலயும் அதுதான். ஆனா வெளிநாட்டுல இருந்து வரணும், குளிர்ல வரணும், நாகர்கோவில் வந்து சேர்ற வரைக்கும் ஐஸ் தாங்குமான்னு கூரியர்காரனுக்கே தெரியாது, விலையும் அந்த மாதிரி. இன்னொண்ணு அகரோஸ், கடல்பாசியில இருந்து எடுக்குற ஜெல் பொருள். பக்கத்து டிஎன்ஏ லேப்ல ஜெல் ஓட்டுறதுக்கு டப்பா டப்பாவா இருக்கு. 0.15 சதவீத அகரோஸ சூடா கண்ணாடியில பரத்தி உணத்தி, அது மேல ஒட்டுற பொருள புள்ளி புள்ளியா போடுறது பழைய வழக்கம், ஒத்தை நியூரான் தன்னோட தானே சினாப்ஸ் (நரம்பு இணைப்பு) போடுற மைக்ரோஐலண்ட் கல்ச்சர், அதாவது குட்டித் தீவு மாதிரி திட்டுல வளக்குறது, வச்சு 1991-ல பெக்கர்ஸும் ஸ்டீவன்ஸும் பண்ணுனது இந்த வகைதான். அகரோஸ் தண்ணிய உறிஞ்சி நிக்கும், புரோட்டீனும் செல்லும் அது மேல பிடிமானம் இல்லாம வழுக்கிடும்.

அகரோஸ்னு முடிவாச்சு. காசு மட்டும் காரணம் இல்ல, திரும்பத் திரும்பத் தப்பு பண்ணிக் கத்துக்கிட முடியும்ங்கிறது பெரிய காரணம், விலை கூடுன பொருள்னா ஆளு பயந்து பயந்து பண்ணும்.

கூடவே மீடியாவையும் மாத்துனாங்க. செல் ஒட்டுற முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் சீரம், அப்புறம் நியூரானுக்குன்னே உள்ள, சீரம் இல்லாத நியூரோபேசல்-பி27 மீடியா. இதனால இன்னொரு நன்மையும் உண்டு, மிச்சம் மீதி உள்ள கிளையா செல்லு சீரம் இல்லாம அவ்வளவா பெருகாது. செல் எண்ணிக்கையையும் குறைச்சாங்க, அதிகமா போட்டா கட்டம் நிறைஞ்சு வழிஞ்சு செல்லு மேல செல்லு ஏறி பேட்டர்ன மூடிடும். ரொம்பக் குறைச்சாலும் வம்பு, நியூரான் தனியா கெடந்தா பக்கத்து செல்லு விடுற பொருள் கிடைக்காம செத்துடும். அதுக்கு வேற டிஷ்ல நெருக்கமா வளர்ற செல்லோட பழைய மீடியாவ எடுத்து புதுசோட பாதிக்குப் பாதி கலந்து விட்டாங்க.

என்ன ஆச்சு

அகரோஸ் முதல்ல கஷ்டப்படுத்திச்சு. மீடியால ஊறுனதும் ஓரத்துல இருந்து தோலு மாதிரி உரிஞ்சு வந்துது. கண்ணாடிய ஆசிட்ல போட்டு நல்லா கழுவி, அகரோஸ மெல்லிசா பரத்தி, சிலிக்கா ஜெல் டெசிக்கேட்டர்ல ராத்திரி முழுக்க வச்சப்புறம் பெரும்பாலும் நின்னுது. இங்கயும் விஷயம் உணத்தல்தான்.

அதுக்கப்புறம் பேட்டர்ன் ஒரு வாரம் தாண்டி நின்னுது. நீட்டம் கோட்டுல ஓடி மூலையில திரும்புறத நேரா பாத்தேன், அத எத்தனை தடவ வேணும்னாலும் பாக்கலாம். ஆனா எல்லாம் சரியாயிட்டுன்னு சொன்னா அது பொய். பாதிக்கு மேல வட்டம் காலியாத்தான் கெடந்திச்சு. சில வட்டத்துல ஒரு செல்லுக்குப் பதிலா ஒரு கூட்டம். ரெண்டாவது வாரத்துல நீட்டமெல்லாம் ஒண்ணோடொண்ணு சேர்ந்து கயிறா திரண்டு, அந்த இழுவையில செல்லு வட்டத்த விட்டு கோட்டுக்கு வந்து, சில இடத்துல கயிறு மூலைய விட்டுக் கிளம்பி சதுரத்துக்குக் குறுக்கால அந்தரத்துல நின்னுது. பரப்புல ஒட்டுறத நம்மால அமைக்க முடியும், செல்லுங்க தங்களுக்குள்ள இழுக்குறத இந்த முறையால பிடிச்சு வைக்க முடியாது.

கால்சியம் இமேஜிங் (செல்லுக்குள்ள கால்சியம் ஏறி இறங்குறத ஒளியா பாக்குற முறை) பண்ணி நெட்வொர்க் எப்படிப் பேசுதுன்னு பாக்குறதுதான் முதல்ல உள்ள திட்டம், அதுக்கு இந்த அளவு நிலைப்பு போதாதுன்னு கைடும் மாணவியும் உக்காந்து பேசி முடிவெடுத்தாங்க. தீசிஸோட மையத்த மாத்தி, ஈரக்காத்து உள்ள இடத்துல ஸ்டாம்பிங் எப்படிக் கெடுது, பேட்டர்ன் எந்த நாள்ல எந்த வழியா உடையுதுங்கிறத முக்கியமா வச்சாங்க. கமிட்டியில ஒருத்தர் "இதுல நியூரோசயின்ஸ் எங்க இருக்கு"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான், ஆனா பரப்பு சரியில்லாம எடுத்த நியூரோசயின்ஸ நம்பவும் முடியாது, மாணவியும் ஏறக்குறைய அதத்தான் பதிலா சொன்னாங்க, தலைப்பு பாஸ் ஆயிட்டு.

ஹேச்சரிய மாத்தல. யுபிஎஸ் லெட்டர் ஃபைல்லயே இருக்கு.

திரும்ப செஞ்சா என்ன மாறும்

செல் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே செல் இல்லாம பரப்ப மட்டும் சோதிக்கிறது முதல்ல வரும். ஒளிரும் பிடிஎல், ஃபிக்ஸ் பண்ண எக்ஸ்போசர், வெறும் கண்ணாடி ஒப்பீடு, இதுல பாஸ் ஆகாத கவர்ஸ்லிப்புக்கு முட்டைய உடைக்கக் கூடாதுன்னு லேப்ல இப்ப எழுதியே போட்டிருக்காங்க. நாலு கண்ணாடி கன்ட்ரோல ஒவ்வொரு பேட்ச்லயும் வைக்கணும்னும் முடிவாச்சு, சந்தேகம் வந்தப்போ மட்டும் வச்சா போதாது.

ஈரப்பதம் அளக்குற சின்ன மீட்டர் ஒண்ணு ஹூட் பக்கத்துல தொங்குது. பேட்ச் நோட்டுல அந்த அளவையும் எழுதுறாங்க. பெரிய ஊரு லேப்ல எழுதுன ப்ரோட்டோகால்ல "உணத்தவும்"னு ஒரே வார்த்தையில இருக்கும், அத அருமனையிலயோ குலசேகரத்துலயோ ஜூலை மாசம் அப்படியே பண்ண முடியாது, எவ்வளவு நேரம், எந்தக் காத்துன்னு நம்ம ஊருக்கு நாமதான் போட்டுக்கிடணும். ஆரல்வாய்மொழி பக்கம் காஞ்ச காத்து அடிக்கிற இடத்துல லேப் இருந்திருந்தா ஒருவேளை இந்தக் கேஸே வந்திருக்காது.

எஸ்டிஎஸ் ஊற வைக்கிறத விடல, ஆனா ஊறுனப்புறம் தண்ணியில ஒரு அலசு, அப்புறம் பம்ப் உணத்தல், அப்புறம்தான் பிடிஎல்.

மாஸ்டரும் புதுசா வேணும். கோடு அதே 10 மைக்ரான், ஆனா ஒரு கோட்டுல இருந்து அடுத்ததுக்கு 100, உயரம் 20. இடைவெளி 90 வரும், வகுத்தா 0.22, கூரை தொடாது, மேடும் அகலத்துக்கு ரெண்டு மடங்குக்குள்ள நிக்கும், ஃபிலோபோடியா தாவுற தூரத்த விட இடைவெளி இன்னும் பல மடங்கு இருக்கு. மூலை வட்டத்த 40-ல இருந்து 30 ஆக்கணும்னு மாணவி, கூட்டம் சேராம இருக்க. காலி வட்டம் இன்னும் கூடும்னு கைடு. ரெண்டையும் ஒரே வேஃபர்ல (மாஸ்டர் செய்யுற சிலிக்கான் தட்டு) பாதிக்குப் பாதி போட்டு ஃபைல் அனுப்பியிருக்காங்க, வடகிழக்கு மழை முடிஞ்சு ஜனவரியில ஸ்டாம்பிங் திரும்பத் தொடங்கும்.